பழைய போனைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா: முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று நான்கு வருடம் ஓடிய போன் மக்கர் செய்யத் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது கடைக்குப் போய் "என்ன ஆகும்?" என்று கேட்பது. கடைக்காரர் ஒரு தொகை சொல்வார். அது அதிகமாகத் தோன்றினால் புதுப் போன், குறைவாகத் தோன்றினால் ரிப்பேர். எதனுடன் ஒப்பிட்டு அதிகம், குறைவு என்கிறோம் என்று பார்த்தால், அந்தப் போனை வாங்கியபோது கொடுத்த விலையுடன். அந்த விலை செலவாகி முடிந்த பணம். இன்றைய முடிவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: பழுது பார்த்தபின் இந்தப் போன் இன்னும் எத்தனை மாதம் பாதுகாப்பாக ஓடும், அந்த ஒவ்வொரு மாதமும் எனக்கு எவ்வளவுக்கு அடங்குகிறது? இதற்கு விடை கிடைக்க சில வேலைகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். வரிசை மாறினால் பணம் போகும். சில சமயம் படங்களும் போகும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேறொரு போனில் ஒழுங்காக வேலை செய்யும் சார்ஜரும் கேபிளும், இன்னொரு சிம், ஒரு மரப் பல்குச்சி, மென்மையான பிரஷ், டார்ச் வெளிச்சம், தகவலைப் பிரதி எடுக்கக் கம்ப்யூட்டர் அல்லது போனிலேயே நேராகச் செருகும் ஓடிஜி பென்டிரைவ், போன் வாங்கிய பில். அரை நாள் ஒதுக்குங்கள்.

1. எதையும் தொடும் முன் தகவலைப் பிரதி எடுங்கள்

இது முதல் படியாக இருப்பதற்குக் காரணம், பழைய போன் எப்போது மொத்தமாக அணையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான். டிஸ்பிளே பாதி தெரியும்போது பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, டிஸ்பிளே செத்தபின் பெரும்பாடாகிவிடும். டச் இல்லாமல் பேட்டர்ன் போட முடியாது. பேட்டர்ன் போடாமல் கம்ப்யூட்டரையும் போன் உள்ளே விடாது.

படங்களையும் வீடியோக்களையும் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகிறது. இப்போது அது உங்கள் 15 ஜிபி இலவச இடத்திலேயே கணக்காவதால், இடம் நிரம்பியிருந்தால் பேக்கப் பல மாதமாக நின்றுபோயிருக்கலாம். அமைப்புகளில் கடைசி பேக்கப் தேதி என்ன என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். "ஆட்டோ பேக்கப் ஆன்ல இருக்கு" என்ற நம்பிக்கையில் பேக்கப்பை இழந்தவர்கள் ஏராளம்.

காண்டாக்ட்டுகள் போன் மெமரியில் இருக்கின்றனவா, கூகுள் கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு இலக்க எண் தரும் ஆதன்டிகேட்டர் செயலி வைத்திருந்தால் அதன் கணக்குகளை இப்போதே இன்னொரு கருவிக்கு ஏற்றிவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

2. போனுக்கு மிச்சமிருக்கும் ஆயுளைக் கண்டுபிடியுங்கள்

கோளாறு என்ன என்று பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஆயுள் முடிந்த போனுக்கு டிஸ்பிளே விலை விசாரிப்பதே வீண் அலைச்சல்.

அமைப்புகளில் "போனைப் பற்றி" என்ற பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் பாதுகாப்பு அப்டேட் தேதி தெரியும். அது கடந்த 3 அல்லது 4 மாதத்துக்குள் இருந்தால் நிறுவனம் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வருடத்துக்கும் பழையதாக இருந்தால், பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

அடுத்து உங்கள் மாடலுக்கு எத்தனை வருட பாதுகாப்பு அப்டேட் என்று நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். மாடலுக்கு மாடல் இது பெரிதும் மாறும். 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருடம். 2023-இன் கேலக்ஸி ஏ54-க்கு 5 வருடம். விலை குறைந்த பல போன்களுக்கு 2 அல்லது 3 வருடம்தான்.

இங்கே நடக்கும் தவறு: நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து எண்ணுவது. மாடல் சந்தைக்கு வந்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வெளிவந்து ஒன்றரை வருடம் கழித்து வாங்கிய போனுக்கு, அந்த ஒன்றரை வருடம் பெட்டியிலேயே கழிந்துவிட்டது.

அப்டேட் நின்றவுடன் போன் நின்றுவிடாது. ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். யூபிஐ, வங்கிச் செயலி இரண்டும் அதே போனில் இருந்தால் இது நேரடியாக உங்கள் பணத்தைத் தொடும் விஷயம். அழைப்புக்கும் பாட்டுக்கும் மட்டும் என்றால் அவ்வளவு கவலையில்லை.

செயலிகளும் ஒரு நாள் கைவிடும். 2025 மே 5 முதல் வாட்ஸ்அப்புக்கு ஐஓஎஸ் 15.1 தேவை என்றானதால் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் ஒரே நாளில் வெளியே போயின. பேட்டரி புதிதாக இருந்தாலும் அந்தப் போன்களுக்கு அங்கே விமோசனம் இல்லை.

5ஜி இல்லை என்பதற்காக மட்டும் போனை மாற்ற வேண்டியதில்லை. 4ஜியும், 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டி அழைப்பும் இருந்தால் அன்றாட வேலைக்குக் குறையில்லை. வோல்ட்டி இல்லாத போன் மட்டும் வேறு கதை. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் வோல்ட்டி இல்லாமல் சாதாரண அழைப்பு போகாது.

இந்தப் படியின் முடிவில் ஒரு எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள்: மிச்சம் இத்தனை மாதம். கணக்கு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

3. கடைக்குப் போகும் முன் கோளாறை நீங்களே பிரித்தறியுங்கள்

கடையில் "சார்ஜ் ஏறல" என்று சொன்னால் பேட்டரி, சார்ஜிங் போர்டு, மின்சாரத்தைப் பங்கிடும் சில்லான பவர் ஐசி என்று எது வேண்டுமானாலும் பதிலாக வரலாம். எது இல்லை என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சே மாறும்.

*சார்ஜ் ஏறாவிட்டால்.* வேறு சார்ஜர், வேறு கேபிள். இரண்டையும் சேர்த்து மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது கெட்டது என்று தெரியும். பிறகு போனை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் சார்ஜிங் ஓட்டையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு, தூசு, வியர்வை எல்லாம் கலந்து சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு படலம் அடியில் உட்கார்ந்திருக்கும். கேபிள் முழுதாக உள்ளே போய் "டிக்" என்று உட்காராமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் காரணம் அதுதான். மரப் பல்குச்சியால் ஓரத்தை ஒட்டி மெதுவாகச் சுரண்டி எடுங்கள். டைப்-சியில் நடுவே உள்ள மெல்லிய நாக்கைத் தொடாதீர்கள். ஊசி, பின் எதையும் விடாதீர்கள். உலோகம் பட்டால் பின்கள் வளையும், ஷார்ட் ஆகும்.

சுத்தம் செய்தபின்னும் கேபிளை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே ஏறுகிறதா? ஜாக் தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு போன்களில் ஜாக்கும் கீழ் மைக்கும் ஒரே சிறிய போர்டில் இருக்கும். கடைகளில் அதை சிசி போர்டு என்பார்கள். ஆகவே சார்ஜ் தகராறும், "நீங்க பேசறது கேக்கல" என்ற புகாரும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தால் இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரு போர்டு போதும். இரண்டு கோளாறு என்று இரண்டு பில் போட விடாதீர்கள்.

*சார்ஜ் நிற்காவிட்டால்.* முழு சார்ஜ் ஏற்றி, ஃப்ளைட் மோடில் போட்டு, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, இறக்கி வைத்த வீடியோ ஒன்றை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள நல்ல போனில் 10 சதவீதத்தைச் சுற்றி இறங்கும். 20-ஐத் தாண்டினால் பேட்டரி சோர்ந்துவிட்டது. ஃப்ளைட் மோடில் சரியாக இருந்து, சாதாரணமாகப் பயன்படுத்தும்போது மட்டும் வேகமாக இறங்கினால் குற்றவாளி செயலியோ பலவீனமான சிக்னலோ. பேட்டரியை மாற்றினாலும் அது தீராது. இந்த ஒரு மணி நேரச் சோதனையைச் செய்யாமல் பேட்டரி மாற்றி, "புது பேட்டரியும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்கள்.

இன்னொரு உறுதியான அறிகுறி: 30 சதவீதம் காட்டும்போது கேமராவில் ஃப்ளாஷ் அடித்தால் போன் பொசுக்கென்று அணைவது. வயதான பேட்டரியில் உள்தடை கூடியிருக்கும். திடீரென அதிக மின்னோட்டம் கேட்டால் வோல்டேஜ் சரிந்து, போர்டு தன்னைக் காப்பாற்ற அணைந்துவிடும். ஐபோனில் அமைப்புகளிலேயே பேட்டரி நலம் சதவீதமாகத் தெரியும். 14 வரை உள்ள மாடல்கள் 500 முழுச் சார்ஜ் சுழற்சிக்குப் பின்னும், 15 முதல் 1,000 சுழற்சிக்குப் பின்னும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதற்குக் கீழே போனால் மாற்றும் நேரம்.

போனை உறையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் மல்லாக்க வையுங்கள். ஒரு மூலையை விரலால் அழுத்தும்போது கேமரா மேட்டால் ஆடுவது சரி. நடுமுதுகு உப்பி, பம்பரம் போல் சுற்றினாலோ, டிஸ்பிளே ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். உள்ளே உள்ள படலம் கிழிந்தால் தீப்பிடிக்கும். இந்த ஒரு நிலையில் மட்டும் மற்ற சோதனைகளை விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போகலாம்.

*மெதுவாகிவிட்டால்.* சேமிப்பிடம் நிரம்பிய போன் நத்தையாகும். குறைந்தது 10 முதல் 15 சதவீத இடம் காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் நீக்கினாலே சில போன்கள் பிழைத்துக்கொள்ளும். பிறகும் சரியாகாவிட்டால், பேக்கப் எடுத்திருக்கிறீர்கள் என்பதால் துணிந்து ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ரீசெட் முடிந்து ஒரு செயலியும் ஏற்றாத நிலையிலேயே தடுமாறினால் உள்ளே இருக்கும் மெமரி தேய்ந்திருக்கலாம், அல்லது ராம் இன்றைய மென்பொருளுக்குப் போதாது. இரண்டுக்கும் ரிப்பேர் கிடையாது. ஐபோனில் மட்டும் ரீசெட்டுக்கு முன் பேட்டரி நலத்தைப் பாருங்கள். பேட்டரி சோர்ந்தால் திடீரென அணையாமல் இருக்க மென்பொருளே வேகத்தைக் குறைக்கும். பேட்டரி மாற்றினால் வேகம் திரும்பும்.

*டிஸ்பிளே உடைந்தால்.* மேல் கண்ணாடி மட்டும் விரிசலா, உள்ளே பேனலும் போயிற்றா என்று பாருங்கள். படத்தில் கறையோ கோடோ இல்லாமல், டச் எல்லா இடத்திலும் வேலை செய்தால் கண்ணாடி மட்டும்தான். டச்சைச் சோதிக்க, முகப்பில் உள்ள ஒரு செயலி ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுவதும் வயலில் ஏர் ஓட்டுவது போல் வரிவரியாக இழுங்கள். எங்காவது விரலை விட்டு ஐகான் நழுவினால் அந்த இடம் செத்திருக்கிறது. சாம்சங்கில் டயல் பேடில் *#0*# போட்டால் சோதனைப் பட்டியலே வரும்.

*சிக்னல் இல்லாவிட்டால்.* வேறு சிம் போட்டுப் பாருங்கள். உங்கள் சிம்மை வேறு போனில் போட்டும் பாருங்கள். பல சமயம் சிம் மாற்றினாலே தீர்ந்துவிடும்.

4. எந்தக் கோளாறுக்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது

பேட்டரி, சிசி போர்டு, ஸ்பீக்கர், பின்பக்க மூடி, பவர் பட்டன் ஸ்ட்ரிப்: இவை கழற்றி மாட்டும் பாகங்கள். மிச்ச ஆயுள் ஒரு வருடம் இருந்தாலே செய்யலாம். மாற்றியபின் போன் பழைய நிலைக்கு வந்துவிடும்.

டிஸ்பிளேதான் குழப்பம். காம்போ என்று கடையில் சொல்வது கண்ணாடி, டச், பேனல் மூன்றும் ஒட்டிய ஒரே பாகம். அமோலெட் திரை உள்ள போனுக்கு மலிவாக ஒரு காம்போ சொன்னால், அது பெரும்பாலும் இன்செல் எனப்படும் எல்சிடி வகையாக இருக்கும். போட்டால் படம் தெரியும். ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், பேட்டரி கூடுதலாகச் செலவாகும், திரைக்குள் இருக்கும் விரல்ரேகை ஸ்கேனர் வேலை செய்யாது. ஸ்கேனரின் ஒளி அமோலெட்டை ஊடுருவும், எல்சிடியின் பின்விளக்குத் தகட்டை ஊடுருவாது. காரணம் அவ்வளவுதான். ஆகவே "அமோலெட்டா, இன்செல்லா?" என்று வாய்விட்டுக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் சூடேற்றிக் கம்பியால் பிரிக்கும்போது அடியிலுள்ள பேனல் போகும் வாய்ப்பு உண்டு, வளைந்த திரைகளில் இன்னும் அதிகம். பேனல் போனால் யார் பொறுப்பு என்று முன்பே பேசுங்கள்.

அமோலெட்டில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடோ இளஞ்சிவப்புக் கோடோ விழுந்தால் ரீசெட் செய்து பயனில்லை. கோளாறு பேனலில் இருக்கிறது. ஆனால் பணம் கொடுக்கும் முன் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டி முடிந்தபின்னும் இந்தக் கோட்டுக்காக இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கின்றன. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது.

மதர் போர்டு வேலை என்றால், தகவலை மீட்க மட்டும் செய்யுங்கள். பிராசஸரைச் சூடேற்றி மறுபடி பந்து போட்டு ஒட்டும் ரீபாலிங் வேலை சில வாரமோ சில மாதமோ தாங்கும். கைதேர்ந்தவர் செய்தால் அதற்கு மேலும் ஓடும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றுவார்கள். அப்போது தகவல் முழுவதும் போகும், ஐஎம்இஐ எண்ணும் மாறலாம்.

தண்ணீரில் விழுந்த போன் தனி வகை. சிம் தட்டை வெளியே எடுத்து உள்ளே டார்ச் அடித்தால் பல மாடல்களில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். அது சிவந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வாரண்டி பேசப் பயனில்லை. அரிசிக்குள் புதைப்பதால் உள்ளே தங்கிய ஈரம் வெளியே வராது, அரிசித் தூள்தான் ஓட்டைக்குள் போகும். அணைத்த நிலையிலேயே அன்றே திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவினால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. மூன்றாம் நாள் தானாக ஆன் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள். துரு உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். அத்தகைய போனுக்குப் புது டிஸ்பிளே போடுவது கூடவே கூடாது.

5. விலை கேட்பது

குறைந்தது இரண்டு இடம்: நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் ஒன்று, பழக்கமான கடை ஒன்று. சர்வீஸ் சென்டர் விலை உங்களுக்கு உச்சவரம்பு. சில மாடல்களில் இரண்டுக்கும் வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்று பார்க்கும்போது தெரியும். அப்போது ஒரிஜினலையே போட்டுவிடலாம்.

சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. பாகம் அங்கே மலிவுதான். ஆனால் ஒரே பாகத்துக்கு மூன்று நான்கு தரம் உண்டு என்பதை மனதில் வைத்துப் போங்கள். தரத்தைச் சொல்லாமல் விலை மட்டும் கேட்டால் எந்தத் தரத்தின் விலையைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது.

கேட்க வேண்டியவை: பாகம் எந்தத் தரம், எத்தனை மாத வாரண்டி, பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா, சரியாகாவிட்டால் பார்த்ததற்குக் கட்டணம் உண்டா. பேட்டரி என்றால் லேபிளில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். போலியிலும் அச்சடிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதுகூட இல்லாத பேட்டரியைத் தொடவே வேண்டாம். ஒரிஜினலில் 4,000 எம்ஏஎச் இருந்த இடத்தில் 6,000 என்று எழுதியிருந்தால் அதையும் வைத்துவிடுங்கள். அதே அளவுக்குள் அவ்வளவு கொள்ளளவு அடங்காது.

6. மாதக் கணக்கு

இப்போது கையில் இரண்டு எண்கள்: மிச்ச மாதம், ரிப்பேர் செலவு. வகுத்துப் பாருங்கள். கீழே உள்ள விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. உங்கள் மாடலின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி ₹1,800, சிசி போர்டு ₹900. மொத்தம் ₹2,700. மிச்ச ஆயுள் 18 மாதம். மாதம் ₹150. அதே தரத்தில் புதுப் போன் ₹18,000, அது 48 மாதம் ஓடும் என்றால் மாதம் ₹375. தாராளமாகப் பழுது பார்க்கலாம்.

அதே தரத்தில் இன்னொரு போனுக்கு டிஸ்பிளே ₹6,500, மிச்சம் 8 மாதம். மாதம் ₹812.50. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. மாற்றிவிடுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள்.

முதலாவது, அடுத்து வரப்போகும் செலவைச் சேர்க்காதது. டிஸ்பிளே மட்டும் மாற்றி வருகிறீர்கள், ஆனால் 3-ஆம் படியில் பேட்டரியும் சோர்ந்திருந்தது தெரிந்திருக்கும். மூன்று மாதத்தில் அதற்கும் கொடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டித்தான் வகுக்க வேண்டும். ஒரே தடவை திறக்கும்போது இரண்டையும் செய்தால் கூலியும் மிச்சம்.

இரண்டாவது, விற்பதற்காகப் பழுது பார்ப்பது. ₹6,500 கொடுத்து டிஸ்பிளே போட்டால் எக்ஸ்சேஞ்ச் விலை ₹6,500 கூடாது, மிகக் குறைவாகவே கூடும். விற்கப் போகிறீர்கள் என்றால் உள்ளபடியே விற்றுவிடுங்கள்.

கணக்குக்குள் அடங்காத ஒன்று உண்டு. வயதான அப்பா, அம்மா கையில் உள்ள போன் என்றால், பழகிய திரை, பழகிய இடத்தில் பழகிய ஐகான் என்பதற்கு மதிப்பு இருக்கிறது. புதுப் போனில் அழைப்பை எடுக்கவே தடுமாறிப் பல நாள் பேசாமல் இருந்துவிடுவார்கள். மாதக் கணக்கு கொஞ்சம் கூடினாலும் அவர்களுக்குப் பேட்டரி மாற்றித் தருவதே நல்லது. ஆனால் அப்டேட் நின்ற போன் என்றால் அதிலிருந்து வங்கிச் செயலியை எடுத்துவிடுங்கள்.

7. பழுது பார்க்கக் கொடுக்கும்போது

சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். சிம் இருந்தால் ஓடிபி எல்லாம் கடையில் வந்து விழும். லாக் எண்ணைக் காகிதத்தில் எழுதிப் போனில் ஒட்டிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடும், பிக்சலில் ரிப்பேர் மோடும் இருக்கின்றன. அதை ஆன் செய்தால் உங்கள் படங்கள், செயலிகள் எதுவும் தெரியாமல் போனைச் சோதிக்க முடியும். இந்த வசதி இல்லாத போனில், கண்முன்னே வைத்து வேலை வாங்குங்கள். முடியாவிட்டால் ரீசெட் செய்து கொடுங்கள்.

கடை தரும் ரசீதான ஜாப் ஷீட்டில் ஐஎம்இஐ, கோளாறு, சொன்ன தொகை, ஏற்கெனவே உள்ள கீறல் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஐஎம்இஐ தெரிய *#06# போதும்.

டிஸ்பிளே மாற்றும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: பசை போடும் முன் சோதிக்க வேண்டும். ஸ்ட்ரிப்பை மட்டும் மாட்டி, புதுத் திரையைப் போன்மேல் சும்மா சாய்த்து வைத்து ஆன் செய்து, ஐகானை இழுத்து டச் பார்க்கலாம். ஒட்டியபின் குறை தெரிந்தால் பிரிக்கும்போதே புதுத் திரை உடையலாம். அப்போது அந்த உடைப்பு யாருடையது என்ற வாக்குவாதம் வரும்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே நின்று பாருங்கள்: ஒரு அழைப்பு போட்டுக் காதருகே வைத்தால் திரை அணைகிறதா, எதிர்முனைக்கு உங்கள் குரல் கேட்கிறதா, ஸ்பீக்கர், முன்பின் கேமரா, விரல்ரேகை, சார்ஜ். சிக்னல் கோடுகள் முன்னைவிடக் குறைந்திருந்தால் உள்ளே ஆன்டெனா வயர் கிளிப் சரியாக மாட்டப்படவில்லை. சிசி போர்டு மாற்றிய போன்களில் இது அடிக்கடி நடக்கும். அங்கேயே சொன்னால் 5 நிமிட வேலை.

திறந்து மூடிய போனின் தண்ணீர்த் தடுப்புப் பசை பழைய நிலைக்கு வராது. பெட்டியில் ஐபி68 என்று போட்டிருந்தாலும் இனி மழையில் நனைக்காதீர்கள்.

8. மாற்றுவது என்று முடிவானால்

பழைய போன் உயிரோடு இருக்கும்போதே மாற்றுங்கள். இரண்டும் ஆண்ட்ராய்டாக இருந்து அருகருகே இருந்தால் வாட்ஸ்அப் உரையாடல்களைக் க்யூஆர் ஸ்கேன் செய்தே நேராக மாற்றலாம், கூகுள் டிரைவ் தேவையில்லை.

வரிசை இது: முதலில் தகவல், அடுத்து ஆதன்டிகேட்டர், பிறகு சிம், கடைசியில் யூபிஐ. யூபிஐ செயலி உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் பதிவாகும். ரீசார்ஜ் காலம் முடிந்துபோன சிம்மில் அது போகாது, "சரிபார்க்க முடியவில்லை" என்று திரும்பத் திரும்ப வரும். புதுக் கருவியில் பதிந்த முதல் 24 மணி நேரம் பொதுவாக ₹5,000-க்கு மேல் அனுப்ப முடியாது. வாடகை, பள்ளிக் கட்டணம் கட்டும் நாளில் போன் மாற்றாதீர்கள்.

பழைய போன் வாங்குவதாக இருந்தால் *#06# போட்டால் வரும் எண்ணும், பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, 15 இலக்க ஐஎம்இஐ எனத் தட்டி 14422-க்கு அனுப்பினால் அந்த எண் முடக்கப்பட்டதா என்று பதில் வரும். ஐபோன் என்றால் அமைப்புகளில் பாகங்களின் வரலாறு என்ற பகுதியில் டிஸ்பிளேயோ பேட்டரியோ மாற்றப்பட்டதா என்று தெரியும். விற்பவரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கை உங்கள் கண்முன்னே வெளியேற்றச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

9. பழைய போனை அனுப்பிவைப்பது

ஒரு வாரம் புதுப் போனில் எல்லாம் ஓடிய பிறகே பழையதை அழியுங்கள். அழிக்கும் முன் கூகுள் கணக்கை நீக்குங்கள், அதன் பிறகு ரீசெட். மாற்றிச் செய்தால் வாங்கியவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கக்கூடும். ஐபோனில், தொலைந்த போனைத் தேட உதவும் ஃபைண்ட் மை அணைக்கப்பட வேண்டும்.

யாருக்கும் உதவாத போன் என்றால் மேஜை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். மறந்த பேட்டரி அங்கேயே வீங்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை லாரியில் அழுத்தும்போது பேட்டரி நசுங்கித் தீப்பிடிக்கும், அதை அள்ளுபவர்களுக்குத்தான் ஆபத்து. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பழைய போன் வாங்கிக்கொள்வார்களா, அருகில் சேகரிப்பு மையம் எங்கே என்று கேட்டு அங்கே ஒப்படையுங்கள். பேட்டரி வீங்கியிருந்தால் அதைக் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.